குவிமாடம் இல்லாமல் பள்ளிவாசலா?

செல்போன் கீபோர்டில் பள்ளிவாசல் எமோஜியைத் தேடிப் பாருங்கள். நடுவில் வெங்காயம் போல ஒரு குவிமாடம், பக்கத்தில் ஒரு மினாரா, உச்சியில் பிறை. பெருநாள் வாழ்த்து ஸ்டிக்கரிலும், சினிமா செட்டிலும், பாடப்புத்தகப் படத்திலும் இதே உருவம்தான். ‘பள்ளிவாசல்னா இப்படித்தான் இருக்கும்’ என்று நம் மனசும் எப்போதோ முடிவு பண்ணிவிட்டது.

உலகின் அழகான பள்ளிவாசல்களை வரிசையாகப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது. சேற்றில் கட்டியது உண்டு, சீன அரண்மனை போல இருப்பது உண்டு, கேரளத்துத் தறவாடு வீடு போல ஓடு வேய்ந்ததும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அழகைக் கொடுத்தது அது நிற்கும் ஊர்தான்: அந்த ஊரின் மண், மழை, மரம், கொத்தனாரின் கைப்பழக்கம். இதை மறந்துவிட்டு எல்லா ஊரிலும் ஒரே அச்சில் வார்க்க ஆரம்பித்ததால், திரும்பக் கட்டவே முடியாத கட்டடங்களை இழந்துகொண்டிருக்கிறோம். தமிழகக் கடற்கரைக்கும் இதில் பங்கு உண்டு. எப்படி என்று பார்க்கலாம்.

ஒரு பள்ளிவாசலுக்கு என்னதான் வேண்டும்?

பட்டியல் மிகச் சின்னது. சுத்தமான இடம். வரிசையாக நிற்க வசதி. மக்காவின் கஅபா இருக்கும் திசை, அதாவது கிப்லா, எது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

622-ல் நபிகள் நாயகம் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு அங்கே எழுந்த பள்ளிவாசல் ஒரு முற்றம்தான். பச்சை மண் கல்லில் சுவர், தூணுக்குப் பேரீச்ச மரத் தண்டு, கூரைக்குப் பேரீச்ச ஓலை. குவிமாடமும் கிடையாது, மினாராவும் கிடையாது. பிலால் உயரமான ஒரு கூரையில் ஏறி நின்று பாங்கு சொன்னார்.

இன்று நாம் பார்க்கும் பலவும் பின்னால் சேர்ந்தவை. திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபும், தூரத்திலிருந்தே தெரியும் மினாராவும் உமையாக்கள் ஆட்சிக்காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவம் பெற்றன. குவிமாடமோ இஸ்லாத்துக்கு முன்பே ரோமானியர்கள், பைசாந்தியர்கள், பாரசீக சாசானியர்கள் கையில் நன்றாக முதிர்ந்திருந்த ஒரு தொழில்நுட்பம்.

திசை மட்டும் நிலையானது, மற்றதெல்லாம் திறந்த கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு ஊரும் தன் பதிலை எழுதியது.

சேறும் மரமும் ஓடும்

மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டு ஜென்னே ஊரின் பெரிய பள்ளிவாசலில் இருந்து ஆரம்பிக்கலாம். இப்போது நிற்கும் கட்டடம் 1907-ல் எழுந்தது. முழுக்க முழுக்க மண். உலகிலேயே மிகப் பெரிய மண் கட்டடங்களில் ஒன்று. சுவரிலிருந்து பனங்கட்டைகள் முள்ளம்பன்றி முள் மாதிரி வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு அலங்காரம் போல இருந்தாலும் அது நிரந்தர சாரம். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் ஊரே கூடிப் புதுச் சேறு பூசும். கொத்தனார்கள் அந்தக் கட்டைகளில் ஏறி நிற்பார்கள், இளவட்டங்கள் கூடை கூடையாகச் சேறு சுமந்து வருவார்கள். அது வேலையும் திருவிழாவும் கலந்த ஒரு நாள். ஒரு சில வருஷம் பூசாமல் விட்டால் மழை கட்டடத்தைக் கரைத்துவிடும். பராமரிப்பதையே பண்டிகையாக மாற்றிக்கொண்ட ஊர் அது.

சீனாவின் ஷியான் நகரப் பெரிய பள்ளிவாசல் இதற்கு நேர் எதிர். இன்றைய வளாகத்தின் அடிப்படை 1392-ல், மிங் வம்ச காலத்தில் போடப்பட்டது. முற்றத்துக்குப் பின் முற்றம், மர வளைவு வாசல், நீலப்பச்சை ஓடு, நுனி வளைந்த கூரை. மினாரா இருக்க வேண்டிய இடத்தில் எண்கோண வடிவில் ஓர் அடுக்கு மண்டபம். வெளியே இருந்து பார்ப்பவர் இதைச் சீனக் கோயில் என்றே நினைப்பார். வித்தியாசம் திசையில் இருக்கிறது. சீன மரபில் முக்கியமான வளாகங்கள் தெற்கு நோக்கி இருக்கும். இந்த வளாகமோ கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. மக்கா அங்கிருந்து மேற்கே. உடை முழுக்கச் சீனம், முகம் மட்டும் கிப்லா பக்கம்.

இந்தோனேசியாவின் ஜாவாவில் தெமாக் பள்ளிவாசல், 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மூன்றடுக்குக் கூம்புக் கூரையை நடுவில் நான்கு பெரிய மரத்தூண்கள் தாங்குகின்றன. அதில் ஒரு தூணை மரச் சிராய்களைச் சேர்த்துக் கட்டியே ஒரு இறைநேசர் உருவாக்கினார் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அடுக்குக்கூரை ஜாவாவில் இஸ்லாத்துக்கு முன்பே இருந்த வடிவம். பக்கத்தில் குதுஸ் ஊரில் இன்னும் ஒரு படி மேலே. அங்குள்ள பள்ளிவாசலின் கல்வெட்டு 1549-ஐச் சொல்கிறது. அதன் செங்கல் கோபுரம் அச்சு அசல் மஜாபாகித் காலத்து இந்துக் கோயில் கோபுரம். மேல் தளத்தில் தொழுகை நேரத்தை அறிவிக்கும் முரசு.

நமக்குப் பக்கத்தில் கோழிக்கோடு. குற்றிச்சிறையில் குளக்கரையில் நிற்கும் மிஷ்கால் பள்ளியை 14-ஆம் நூற்றாண்டில் ஓர் அரபு வணிகர் கட்டினார். மரம், ஓடு, பல அடுக்கு. குவிமாடம் இல்லை, மினாராவும் இல்லை. 1510-ல் போர்த்துகீசியர்கள் கோழிக்கோட்டைத் தாக்கியபோது இதற்குத் தீ வைத்தார்கள். பிறகு பழையபடியே எடுத்துக் கட்டினார்கள். கொட்டும் மழைக்குச் சரிவான ஓட்டுக்கூரைதான் சரி என்று அந்த ஊர் ஆசாரிகளுக்குத் தெரியும். யாருக்கான கட்டடம் என்பது மாறினாலும் மழை மாறாது இல்லையா?

அப்போ குவிமாடம் தப்பா?

இல்லவே இல்லை. உலகின் மிக அற்புதமான கட்டடங்களில் சில குவிமாடம் கொண்டவை. அங்கெல்லாம் அது ஒரு கணக்கின் விடை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கணக்கு இதுதான்: தூண் மறைக்காமல், ஆயிரக்கணக்கானவர்களை ஒரே கூரையின் கீழ் எப்படி நிறுத்துவது? இஸ்தான்புல்லில் 537-ல் கட்டி முடித்த ஹாகியா சோபியா தேவாலயம் சுமார் 31 மீட்டர் அகலக் குவிமாடத்தால் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. 1453-க்குப் பிறகு ஒட்டோமான் கட்டடக் கலைஞர்கள் அந்தப் பதிலோடு நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் மிமார் சினான் எதிர்னே நகரில் செலிமியே பள்ளிவாசலைக் கட்டினார். 1568-ல் தொடங்கிய வேலை. ஹாகியா சோபியா அளவுக்கு ஒரு குவிமாடம், அதை எட்டுத் தூண்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்று தாங்கும். எங்கே நின்றாலும் முழு இடமும் ஒரே பார்வையில் விரியும். சினானுக்கு அப்போது 80-ஐ ஒட்டிய வயது.

அதே கணக்குக்கு ஸ்பெயினின் கோர்தோபா வேறு விடை எழுதியது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அந்தப் பள்ளிவாசலுக்கு, பழைய ரோமானிய, விசிகோத் கட்டடங்களின் தூண்களை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அவை குட்டையாக இருந்தன. கூரை தலையில் இடிக்கும். என்ன செய்தார்கள்? வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு வைத்து உயரத்தைக் கூட்டினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்த்துச் சொக்கிப்போகும் அந்தச் சிவப்பு வெள்ளை இரட்டை வளைவு, பொருள் பற்றாக்குறையில் பிறந்தது. 850-க்கும் மேற்பட்ட தூண்கள் இன்றும் அங்கே காடு போல நிற்கின்றன. 1236-க்குப் பிறகு அது தேவாலயம் ஆகிவிட்டது.

ஈரானின் இஸ்ஃபஹானில் கணக்கு திசையைப் பற்றியது. நகரின் பெரிய சதுக்கம் கிப்லாவைப் பார்த்து அமையவில்லை. 1611-ல் தொடங்கிய ஷா பள்ளிவாசலின் வாசல் சதுக்கத்தைப் பார்த்து நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் கட்டடம் சுமார் 45 டிகிரி திரும்பிவிடுகிறது. சந்தைச் சத்தத்திலிருந்து தொழுகைக்குத் திரும்பும் அந்தத் திருப்பமே நடையில் தெரியும். இதைவிட அழகாக ஒரு சிக்கலைத் தீர்க்க முடியுமா?

அந்த ஒரே அச்சு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. உள்ளூர் வடிவத்தை ஒதுக்கிவிட்டுக் குவிமாடம் வந்த பல ஊர்களில், அதைக் கொண்டுவந்தது மதம் அல்ல, காலனிய அரசு.

இந்தோனேசியாவின் அச்சேவை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தா அச்சேயின் பழைய பைத்துர்ரஹ்மான் பள்ளிவாசல் அடுக்குக்கூரை கொண்டது. 1873-ல் டச்சுப் படையெடுப்பின்போது அது எரிந்துபோனது. மக்களைச் சமாதானப்படுத்த டச்சு அரசே 1879-ல் தொடங்கி 1881-ல் புதிதாக ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. வரைந்தவர் ஒரு டச்சுக்காரர். எடுத்துக்கொண்ட பாணி முகலாய இந்தியாவுடையது. எரித்தவன் கட்டிக் கொடுத்த பள்ளியில் தொழ ஆரம்பத்தில் பலருக்கு மனசு வரவில்லை. காலம் போகப் போக அது அச்சேயின் சொந்த அடையாளமாகிவிட்டது. 2004 சுனாமியில் சுற்றியிருந்ததெல்லாம் போயும் அது நின்றது.

கோலாலம்பூரின் ஜாமிக் பள்ளிவாசல், 1909. வரைந்தவர் ஆர்தர் ஹப்பக் என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர். மலாய் நாட்டில் அதற்கு முன்பு இருந்த அடுக்குக்கூரைக்குப் பதிலாக அவர் கொண்டுவந்தது வட இந்தியக் குவிமாடங்களை. பினாங்கில் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவரான காதர் முகைதீன் 1801-ல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதே முகலாய உருவத்துக்கு மாறியது. ‘முஸ்லிம்களுக்கு ஏற்ற பாணி இது’ என்று லண்டனிலும் ஹாலந்திலும் படித்தவர்கள் தீர்மானித்த உருவம் நம் கண்ணில் ‘பாரம்பரியம்’ ஆகிவிட்டது.

பிறகு சிமென்ட் வந்தது, வேலை சுலபமானது. துருக்கியில் நடந்ததைக் கேளுங்கள். தலைநகர் அங்காராவின் கோஜாதெபே பள்ளிவாசலுக்கு 1957-ல் நடந்த போட்டியில் வேதாத் தலோகாய் என்ற கலைஞரின் நவீன வடிவம் வென்றது. ‘இது பள்ளிவாசல் மாதிரியே இல்லை’ என்று எதிர்ப்பு கிளம்பியது. வேலை தொடங்கியும் கைவிட்டார்கள். அதற்குப் பதில் 16-ஆம் நூற்றாண்டு ஒட்டோமான் வடிவத்தைக் கான்கிரீட்டில் நகலெடுத்து 1987-ல் திறந்தார்கள். அந்தத் தலோகாய் என்ன ஆனார்? இஸ்லாமாபாத் ஃபைசல் பள்ளிவாசல் போட்டியில் வென்றார். பாலைவனக் கூடாரம் போன்ற கூரை, குவிமாடமே இல்லை. 1986-ல் முடிந்த அந்தக் கட்டடம் இன்று பாகிஸ்தானின் முகம். ஒரு நாடு தள்ளிய துணிச்சலை இன்னொரு நாடு தலையில் வைத்துக் கொண்டாடுகிறது.

தமிழகக் கடற்கரையில் என்ன இருக்கிறது?

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பழைய கல்லுப்பள்ளிகள் இருக்கின்றன. கீழக்கரை ஜும்மா பள்ளியை வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்தே ஊர் பேசும். உள்ளே வரிசை வரிசையாகச் செதுக்கிய கல்தூண்கள், அவற்றின் மேல் போதிகை, அதன் மேல் கற்பலகைகள் பாவிய தட்டைக் கூரை. கோயில் மண்டபம் கட்டிய அதே தச்சு மரபின் கை வேலை என்பது பார்த்ததும் தெரியும். ஒரே வித்தியாசம், தூணில் உருவங்கள் கிடையாது. பூ, கொடி, வடிவியல் கோலங்கள் மட்டும். கட்டட வரலாற்று ஆய்வாளர் மெஹர்தாத் ஷோகூஹி, 2003-ல் வந்த தன் நூலில் இந்தக் கடற்கரைப் பள்ளிவாசல்களை அளந்து, வரைந்து, பதிவு செய்திருக்கிறார். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு மரபு இது.

இதன் மதிப்பு அழகோடு முடிவதில்லை. ‘பள்ளிவாசல் என்பது வெளியிலிருந்து வந்த கட்டடம்’ என்று யாராவது பேசினால் இந்தத் தூண்களே பதில் சொல்லும். தமிழ் மண்ணின் கல், தமிழ்த் தச்சரின் உளி, தமிழ் பேசும் தொழுகையாளிகள். பல நூற்றாண்டுகள் சேர்ந்து வாழ்ந்ததற்குக் கல்லில் இருக்கும் சாட்சி. அதை நாமே இடித்துவிட்டு, ரெடிமேடு ஃபைபர் குவிமாடத்தை மேலே ஏற்றினால், இருந்த ஆதாரத்தை நம் கையாலேயே அழித்த மாதிரிதான்.

கடற்கரை ஊர்களில் இப்படி நடக்காமலும் இல்லை. பழைய பள்ளியை எடுத்துவிட்டுப் புதுசு கட்டுகிறார்கள். எடுக்காத இடத்தில் கல்தூணுக்கு ஆயில் பெயின்ட் அடிக்கிறார்கள், டைல்ஸ் ஒட்டுகிறார்கள், சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அந்த மூச்சை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். பாதுகாப்பதாக நினைத்துச் செய்வது கட்டடத்தின் ஆயுளைக் குறைக்கிறது.

‘கூட்டம் கூடிடுச்சே, என்ன பண்றது?’

நியாயமான கேள்வி. முன்னூறு பேருக்குக் கட்டிய பள்ளியில் வெள்ளிக்கிழமை ஆயிரம் பேர் வந்தால் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். பெண்களுக்குத் தொழ இடம் வேண்டும், வயதானவர்களுக்குச் சாய்வுதளம் வேண்டும். ஊர்க்காரர்கள் வளைகுடாவில் வியர்வை சிந்திச் சம்பாதித்த காசில் தங்கள் பள்ளி கம்பீரமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதும் தப்பில்லை. குவிமாடம் அவர்களுக்கு ‘நாங்களும் இங்கே இருக்கிறோம்’ என்று சொல்லும் அடையாளம். அந்த உணர்வை நக்கல் பண்ணக் கூடாது.

எந்த வடிவத்தையும் அதிகாரத்தால் திணிக்கவும் கூடாது. சீனாவில் அண்மை ஆண்டுகளாகப் பள்ளிவாசல்களின் குவிமாடங்களை அரசு அகற்றிவருகிறது. 2023-ல் யுன்னான் மாகாணத்தின் நாஜியாயிங் பள்ளிவாசலில் இதை எதிர்த்து ஊர் மக்கள் போலீஸோடு மோதினார்கள். ஷியான் பள்ளியின் அழகு அந்தச் சமூகத்துக்குள்ளிருந்து வளர்ந்தது. கிரேன் வைத்து ஒரே நாளில் கொண்டுவரும் ‘உள்ளூர்த்தன்மை’ வெறும் மிரட்டல். குவிமாடம் வேண்டுமா வேண்டாமா என்பது தொழுகிறவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவைத் தங்கள் சொத்து என்ன என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

வழி இருக்கிறதா? இருக்கிறது. கொடுங்கல்லூர் சேரமான் ஜும்மா பள்ளியில் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கான்கிரீட் விரிவாக்கமும் மினாராக்களும் முன்னால் வந்து பழைய ஓட்டுக்கட்டடத்தை மறைத்துவிட்டன. முசிறி பாரம்பரியத் திட்டத்தின் கீழ் அந்தச் சேர்க்கைகளை அகற்றிப் பழைய கேரள வடிவத்தை மீட்டார்கள். சேதத்தைத் திருப்ப முடியும் என்பதற்கு இது அத்தாட்சி. ஆனால் உள்ளே பழைய கட்டடம் மிச்சம் இருந்ததால்தான் முடிந்தது.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு டாக்கா ஓர் உதாரணம். கல் கிடைக்காத வங்கத்தில் 15-ஆம் நூற்றாண்டிலேயே பாகெர்ஹாட்டின் ‘அறுபது குவிமாடப் பள்ளி’ போன்ற செங்கல் அற்புதங்களைக் கட்டினார்கள். பெயரில்தான் அறுபது, கூரையில் எண்ணினால் 77 குவிமாடங்கள். அந்தச் செங்கல் மரபை எடுத்துக்கொண்டு மரினா தபஸ்ஸும் என்ற பெண் கட்டடக் கலைஞர் 2012-ல் பைத்துர் ரூஃப் பள்ளிவாசலை முடித்தார். நிலம் அவருடைய பாட்டி கொடுத்தது. குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. செங்கல் இடைவெளியில் காற்று வரும், கூரைத் துளைகளில் வெளிச்சம் நட்சத்திரம் போலத் தரையில் விழும். 2016-ல் அதற்கு ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது. பெரிய கூட்டத்துக்கு வேண்டுமானால் மலேசியாவின் தேசியப் பள்ளிவாசலைப் பாருங்கள். 1965-ல் கட்டியது. மழை நாட்டுக்குப் பொருத்தமாக, விரித்த குடை மாதிரி மடிப்புக் கான்கிரீட் கூரை. நவீனம், பிரம்மாண்டம், உள்ளூர் மூன்றும் ஒன்றாக.

உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேச வேண்டியது

‘பள்ளி விரிவாக்கம்’ என்ற மெசேஜ் குழுவில் வரும்போது இரண்டு விஷயங்களை எழுப்புங்கள். ஒன்று, எதையும் தொடும் முன் பழைய கட்டடத்தை அளந்து, வரைபடம் போட்டு, தூண் தூணாகப் படம் எடுத்து வைக்க வேண்டும். இதற்கு ஒரு கட்டடக் கலைக் கல்லூரி மாணவர் குழுவே போதும், செலவு குறைவு. இரண்டு, இட நெருக்கடிக்குப் பழைய கூடத்தை இடிக்காமல் பக்கத்திலோ பின்னாலோ புதுக்கூடம் எழுப்ப முடியுமா என்று பழைய கட்டடங்களில் வேலை செய்து பழகிய ஒரு பொறியாளரிடம் கேட்க வேண்டும். புதுக்கூடத்தின் மேல் குவிமாடம் வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள்.

பெரிய பதவியில் இருக்கிற பெரியவர்கள்தான் தீர்மானிப்பார்கள், நாம் யார் என்று ஒதுங்க வேண்டாம். நன்கொடை இன்று உங்கள் தலைமுறையின் ஜிபே-யிலிருந்தும் போகிறது. பணம் கொடுக்கிறவருக்கு, ‘அந்தக் கல்தூண்கள் என்ன ஆகும்?’ என்று கேட்கும் உரிமையும் சேர்ந்தே வருகிறது. ஃபைபர் குவிமாடத்தை அடுத்த வருஷமும் ஆர்டர் பண்ணலாம். சீதக்காதி காலத்துத் தூணை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.